கண்மாய் விளையாட்டும் கிராம சபையும்: பாவனை விளையாட்டை வகுப்பில் நடத்தும் முறை

கேள்வி ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஓர் ஆசிரியருடையது. வகுப்பில் 40 பிள்ளைகள், பாடவேளை 45 நிமிடம். நீர்வளம், உள்ளாட்சி ஆகிய பாடங்களை நடிக்க வைத்தும் விளையாட வைத்தும் நடத்திப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் "நல்லா இருந்துச்சு சார்" என்கிறார்கள். மறுநாள் என்ன கற்றீர்கள் என்று கேட்டால் "ஒற்றுமையா இருக்கணும்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. இடையில் கூச்சலும் தாங்கவில்லை. எங்கே தவறு, இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்கிறார்.

பெரும்பாலும் தவறு விளையாட்டில் இருக்காது. அது முடிந்த பிறகு நடக்க வேண்டியது நடக்காமல் போவதில்தான் இருக்கும். விளையாட்டு பிள்ளைகளுக்கு ஓர் அனுபவத்தைக் கொடுக்கும். அந்த அனுபவத்தைக் கிளறி, எண்களை எடுத்துப் பார்த்து, "ஏன் இப்படி ஆனது" என்று வாதாடும்போதுதான் பாடம் உருவாகிறது. இதை அலசல் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டுக்குச் செலவிட்ட நேரத்தில் குறைந்தது பாதியாவது அலசலுக்குத் தர வேண்டும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது விளையாட்டை முடித்து, ஆசிரியரே இரண்டு வரியில் நீதி சொல்லி அனுப்பினால், அந்த இரண்டு வரிதான் மறுநாள் திரும்பி வரும்.

முதலில் இரண்டு முறைகளையும் பிரித்துக்கொள்வது நல்லது. பாத்திரமேற்று நடிப்பதில், அதாவது ரோல் ப்ளேயில், பிள்ளை இன்னொருவர் நிலையில் நின்று பேசுகிறது. அங்கே முக்கியம் அந்த ஆளின் தேவை, அச்சம், பேச்சு. பாவனை விளையாட்டில், அதாவது சிமுலேஷனில், பிள்ளை தானாகவே இருந்து ஒரு விதிமுறைக்குள் முடிவெடுக்கிறது. அங்கே முக்கியம் அந்த விதிகளும் எண்களும். ஓர் அமைப்பு எப்படி இயங்குகிறது என்று காட்ட வேண்டுமானால் பாவனை விளையாட்டு பொருந்தும். பல தரப்பினர் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்று காட்ட வேண்டுமானால் பாத்திரமேற்றல் பொருந்தும். இரண்டையும் ஒரே பாடவேளையில் கலந்தால் பிள்ளைகள் கணக்கையும் கவனிக்க மாட்டார்கள், வாதத்தையும் கவனிக்க மாட்டார்கள். நாடகம் மட்டும் மிஞ்சும்.

இந்த முறை ஒன்றும் புதியதல்ல. 1824-இல் பிரஷ்ய ராணுவத் தலைமைக்கு ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி ஆடும் ஒரு போர் விளையாட்டைக் காட்டினார். அதிகாரிகளுக்குப் பயிற்சி தர அதை ராணுவம் எடுத்துக்கொண்டது. இரு தரப்பும் உத்தரவுகளைக் கொடுக்கும், நடுவர் விளைவைத் தீர்மானித்துச் சொல்வார். வகுப்பறையில் அந்த நடுவர் இடம்தான் உங்களுடையது. ஆட்டத்தில் நீங்கள் ஒரு பக்கம் சாயக் கூடாது.

நீர்வளப் பாடத்துக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விளையாட்டை முழுதாகத் தருகிறேன். இதன் அடிப்படைச் சட்டகம், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்கோ யான்சன், ஜான் ஆண்டரீஸ், கொலம்பியாவின் ஹுவான் கமிலோ கார்தெனாஸ் ஆகியோர் நடத்திய பாசன விளையாட்டு. கொலம்பியாவிலும் தாய்லாந்திலும் கிராமத்து மக்களோடே ஆடிப் பார்த்தார்கள். கீழே உள்ள எண்கள் வகுப்புக்காக மாற்றி அமைக்கப்பட்டவை.

ஆறு பேர் ஒரு குழு. ஐந்து பேர் விவசாயிகள், ஒருவர் கணக்கர். 40 பேர் வகுப்பில் ஆறு குழுக்கள் போக நால்வர் மிஞ்சுவார்கள். அவர்களைப் பார்வையாளர்களாக வையுங்கள். யாரும் வீணாக நிற்கவில்லை. அலசலில் மிகப் பயன்படுகிறவர்கள் அவர்கள்தான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கிண்ணம், ஒரு துணிப்பை, 125 புளியங்கொட்டை. ஆறு குழுவுக்கு 750 வேண்டும். முதல் நாளே எண்ணிப் பொட்டலம் கட்டிவிடுங்கள். மிட்டாயையோ கடலையையோ வைத்து ஆடாதீர்கள், மூன்றாவது ஆண்டுக்குள் கணக்கு வயிற்றுக்குள் போய்விடும்.

ஐந்து விவசாயிகளும் வரிசையாக உட்கார வேண்டும். ஒன்றாம் எண் தலைமடை, ஐந்தாம் எண் கடைமடை. யார் எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்க்க வேண்டும். நீங்கள் உட்கார வைத்தால், நன்றாகப் படிக்கிறவரைத் தலைமடையில் வைத்தார் என்ற பேச்சு வந்து, பிறகு வரும் எல்லா விவாதமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரு சுற்று என்பது ஓர் ஆண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு விவசாயிக்கும் 10 கொட்டை. அது அவருடைய உழைப்பு. அதில் எத்தனையைக் கண்மாய் மராமத்துக்குக் கொடுப்பது என்று அவரவர் முடிவு செய்து, கையை மூடியபடி துணிப்பைக்குள் போட வேண்டும். பூஜ்யமும் போடலாம், பத்தும் போடலாம். கணக்கர் மொத்தத்தை மட்டும் எண்ணிச் சொல்வார். மொத்தத்தைப் பொறுத்து அந்த ஆண்டு கண்மாயில் தண்ணீர் நிற்கும்:

மராமத்து 0 முதல் 9 வரை: தண்ணீர் இல்லை
10 முதல் 19 வரை: 15
20 முதல் 29 வரை: 40
30 முதல் 39 வரை: 70
40 முதல் 50 வரை: 75

கணக்கர் அத்தனை கொட்டையைக் கிண்ணத்தில் இட்டு முதலாமவரிடம் கொடுப்பார். அவர் விரும்பிய அளவு எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ளுவார். இப்படியே ஐந்தாமவர் வரை கிண்ணம் நகரும். ஒவ்வொருவரும் தம் தாளில் கொடுத்தது, கையில் வைத்துக்கொண்டது, எடுத்த தண்ணீர் மூன்றையும் எழுத வேண்டும். வைத்துக்கொண்டதும் எடுத்ததும் சேர்ந்தது அந்த ஆண்டு வருமானம். பிறகு எல்லாக் கொட்டையும் கணக்கரிடம் திரும்பிவிடும், அடுத்த ஆண்டு புதிதாகத் தொடங்கும்.

கணக்குப் பிழை வராமல் இருக்க ஒரு சரிபார்ப்பு உண்டு. ஐவரின் வருமானத்தைக் கூட்டினால், 50-இலிருந்து மராமத்தைக் கழித்து எடுத்த தண்ணீரைக் கூட்டிய எண் வர வேண்டும். வராவிட்டால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். அதை அந்த ஆண்டிலேயே தீர்க்காவிட்டால் அலசலில் காட்ட எண்ணே இருக்காது. எல்லைகளிலும் கவனம் வேண்டும். 29-க்கும் 30-க்கும் இடையே ஒரே ஒரு கொட்டைதான், ஆனால் தண்ணீர் 40-இலிருந்து 70 ஆகிறது. கணக்கரை இரண்டு முறை எண்ணச் சொல்லுங்கள். இந்தத் திடீர் ஏற்றத்தை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறது: கரையில் ஓர் உடைப்பை அடைக்காமல் விட்டால், மற்ற இடமெல்லாம் மண் போட்டும் பயனில்லை.

முதல் நான்கு ஆண்டும் பேசக் கூடாது. இந்த விதிதான் கூச்சலையும் அடக்கும். ஆனால் அதற்காக வைத்த விதி அல்ல அது. மௌனத்தில் ஒவ்வொருவரும் மற்றவரை எண்களைக் கொண்டு மட்டும் ஊகிக்கிறார்கள், சந்தேகம் தானாக வளர்கிறது. சாதாரணமாக ஆட்டம் போகக்கூடிய பாதையைக் கணக்காகப் பாருங்கள். முதல் ஆண்டு எல்லோரும் நல்ல மனதோடு 6 கொடுக்கிறார்கள். மொத்தம் 30, தண்ணீர் 70. முதலாமவர் 25 எடுக்கிறார், அடுத்தவர் 20, அடுத்து 15, அடுத்து 10. கிண்ணம் காலியாக ஐந்தாமவரிடம் போகிறது. அவருக்கு அந்த ஆண்டு வருமானம் 4. ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் 10 இருந்திருக்கும். அடுத்த ஆண்டு அவர் பூஜ்யம், நான்காமவர் 3. மொத்தம் 21, தண்ணீர் 40. முதலாமவர் மறுபடி 25, இரண்டாமவர் 15, மற்ற மூவருக்கும் சொட்டு இல்லை. மூன்றாம் ஆண்டு மேலே உள்ள இருவர் மட்டுமே கொடுக்கிறார்கள்: 12, தண்ணீர் 15, அதை முதலாமவரே எடுத்துக்கொள்கிறார். நான்காம் ஆண்டு அவர் மட்டும் 6 போடுகிறார். தண்ணீர் இல்லை. குழுவின் மொத்த வருமானம் 90, 69, 53, 44 என்று சரிகிறது.

எல்லாக் குழுவும் இப்படியே போகாது. ஒன்றிரண்டு குழு ஆரம்பத்திலிருந்தே சமமாக எடுக்கும். அது நல்லது. ஒரே விதி, ஒரே கண்மாய், வேறு வேறு முடிவு என்ற ஒப்பீடு உங்களுக்குக் கிடைக்கிறது.

ஐந்தாம் ஆண்டுக்கு முன் 5 நிமிடம் பேச விடுங்கள். குழுவே தனக்கு விதி எழுதிக்கொள்ளலாம்: யார் எவ்வளவு கொடுப்பது, யார் எவ்வளவு எடுப்பது, மீறினால் என்ன. பிறகு இன்னும் நான்கு ஆண்டு. இருக்கையை மாற்றக் கூடாது. தலைமடைக்காரர் தன் இடத்தின் பலத்தோடுதான் பேரம் பேச வேண்டும், அதுதான் உண்மை நிலவரம். முதலாமவருக்கு 18, மற்றவருக்கு 13 என்பதுபோல் ஓர் ஒப்பந்தம் வரலாம். அப்போது அவருக்கு வருமானம் 22, மற்ற நால்வருக்கும் 17. கடைமடைக்காரர் அதை ஏற்பார், 10-ஐவிட 17 மேல். ஏழாம் ஆண்டில் வறட்சி என்று அறிவித்து அட்டவணைத் தண்ணீரைப் பாதியாக்குங்கள். 70 இருந்த இடத்தில் 35. முதலாமவர் 18 எடுத்தால் மற்ற நால்வருக்கும் நான்கு நான்குதான் தேறும், அவர்கள் கொடுத்த 6-ஐவிடக் குறைவு. நல்ல ஆண்டில் நின்ற ஒப்பந்தம் கெட்ட ஆண்டில் முறியும். எண்ணைச் சொல்லாமல் விகிதத்தைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தக் குழு தானாகக் கேட்கிறதோ, அது பாசன மேலாண்மையின் நடுப்பகுதிக்கே வந்துவிட்டது.

எத்தனை ஆண்டு ஆடப்போகிறோம் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லவே சொல்லாதீர்கள். சொன்னால் கடைசி ஆண்டில் ஒருவரும் கொடுக்க மாட்டார்கள், எடுக்கிறவர் முழுதும் எடுப்பார். அதற்கு முந்தைய ஆண்டும் ஆட்டம் காணும். சிறுசிறு தவறுகளில் அதிகம் கெடுப்பது இதுதான்.

நேரக் கணக்கு இப்படி. முதல் நாள் விதி விளக்க 10 நிமிடம், கணக்கில் சேராத ஒத்திகை ஆண்டு ஒன்றுக்கு 5, மௌனமாக நான்கு ஆண்டுக்கு 16. மீதி நேரத்தில் கொட்டையைத் திரும்ப வாங்கிவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாக நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: நான் எவ்வளவு எடுத்தேன், ஏன். இதைப் பேசுவதற்கு முன்பே எழுத வேண்டும், பேசிய பிறகு எழுதினால் எல்லோரும் ஒன்றையே எழுதுவார்கள். இரண்டாம் நாள் ஒப்பந்தத்துக்கு 5 நிமிடம், நான்கு ஆண்டுக்கு 14. கை பழகியிருப்பதால் வேகமாக நடக்கும். மிச்சம் 26 நிமிடம் முழுக்க அலசல். இரண்டு பாடவேளையை அடுத்தடுத்து வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

இனி அலசல். சென்னையிலிருந்து அமெரிக்கா சென்று, தியாகி என்ற சுருக்கப் பெயரால் பயிற்சி விளையாட்டு உலகில் அறியப்படும் சிவசைலம் தியாகராஜன், இதற்கு ஆறு கேள்விகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். உங்களுக்கு எப்படி இருந்தது? என்ன நடந்தது? என்ன கற்றீர்கள்? வெளியுலகில் இது எங்கே இருக்கிறது? இப்படி இருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்து என்ன செய்வீர்கள்? இந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. உணர்ச்சி முதலில் வெளியே வர வேண்டும். கிண்ணம் நான்கு முறை காலியாக வந்த பிள்ளை கோபத்தோடு உட்கார்ந்திருக்கும். அதை முதலில் பேச விடாமல் நேராகத் தண்ணீர் மேலாண்மைக்குப் போனால், அது எந்தக் கேள்விக்கும் அந்தக் கோபத்தையே பதிலாகச் சொல்லும். மூன்று நிமிடம் போதும். கடைமடைக்காரர்களை முதலில் கேளுங்கள், தலைமடைக்காரர்களைக் கடைசியில்.

என்ன நடந்தது என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சை விடுத்துப் பலகைக்குப் போங்கள். ஆறு குழுவின் மராமத்துத் தொகையை ஆண்டுவாரியாகக் கோட்டுப் படமாகப் போட்டு, எந்த ஆண்டில் எந்தக் கோடு விழுந்தது, அதற்கு முந்தைய ஆண்டு அந்தக் குழுவில் கிண்ணம் யார் வரை போனது என்று கேளுங்கள். பார்வையாளர் நால்வரின் குறிப்பு இங்கே உதவும். அவர்களுக்கு முன்பே இரண்டு வேலை தந்திருக்க வேண்டும்: கிண்ணம் கடைசியாகக் காலியான இடத்தைக் குறிப்பது, முகத்தில் மாற்றம் தெரிந்த கணத்தைக் குறிப்பது. தண்ணீர் குறைந்ததால் கொடுப்பது நின்றதா, கொடுப்பது நின்றதால் தண்ணீர் குறைந்ததா என்று வகுப்பே வாதாடும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கிறது என்பதைப் பிள்ளைகளே படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் கேள்வியில்தான் ஆசிரியர்கள் வழுக்குவார்கள். "ஆக, பேராசை பெருநஷ்டம்" என்று முடித்துவிடத் தோன்றும். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஆட்டத்தில் முதலாமவர் நான்கு ஆண்டில் சம்பாதித்தது 29, 29, 19, 4. மொத்தம் 81. எல்லோரும் சமமாக எடுத்திருந்தால் அவருக்கு ஆண்டுக்கு 18, நான்கு ஆண்டில் 72. நான்கு ஆண்டோடு நின்றால் அவருக்கு லாபமே! ஐந்தாம் ஆண்டிலிருந்து கண்மாய் கிடக்கட்டும் என்று 10-ஐ அப்படியே வைத்துக்கொண்டாலும் அவர் கணக்கு 91, சமப் பங்கில் 90. ஆறாம் ஆண்டில்தான் 101-க்கு 108 என்று தட்டு மாறுகிறது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போட வையுங்கள். தலைமடைக்காரர் கெட்டவர் என்பது பாடமல்ல. அவர் நிலையிலிருந்து பார்த்தால் ஐந்து ஆண்டு வரை அது சரியான முடிவாகவே தெரியும் என்பதும், அதனால்தான் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல் ஊருக்கு விதி தேவைப்படுகிறது என்பதும்தான் பாடம். அந்த இடத்தில் உட்கார்ந்த பிள்ளையையும் இதுதான் காப்பாற்றும். "நீதான்டா எல்லாத்தையும் எடுத்தே" என்பது விளையாட்டு மைதானம் வரை போகக் கூடாது. சீட்டுக் குலுக்கலில் அந்த இடம் யாருக்கும் வந்திருக்கும் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வெளியுலகத்துக்கு வரும்போது உள்ளூர்க் கண்மாயின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை மாநிலத்தின் நீர்வளத் துறை கையில், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில். ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிட்ட பழைய வழக்கம் குடிமராமத்து. 2017-இல் அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தண்ணீரை முறை வைத்து விட ஊர் ஓர் ஆளை நியமிக்கும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். உங்கள் குழுக்கள் எழுதிக்கொண்ட விதிகளில் அப்படி ஒரு நடு ஆள் வந்தாரா? மீறியவருக்குச் சிறு தண்டம் இருந்ததா, பெரிய தண்டமா? இத்தகைய பொதுவளங்களை ஊரார் தாமே எப்படிக் காத்து வந்தார்கள் என்று ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. தண்டம் சிறிதாகத் தொடங்கி மீறலுக்கேற்ப ஏற வேண்டும் என்பது அவர் கண்ட பொது இயல்புகளில் ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் அதையே கண்டுபிடித்து எழுதியிருந்தால், அதைச் சொல்லிப் பாராட்டத் தயங்காதீர்கள்.

இங்கேயே விளையாட்டு எதை விட்டுவிட்டது என்றும் கேட்க வேண்டும். மழை, நில அளவு, ஆழ்துளைக் கிணறு, சாதி, அரசு அலுவலர் எதுவும் இதில் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் பிள்ளைகள் விளையாட்டையே உலகமாக எடுத்துக்கொண்டுவிடுவார்கள். "இப்படி இருந்தால்?" என்ற ஐந்தாம் கேள்விக்கு ஒன்று போதும்: நீங்கள் எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இப்போது மறுபடி சீட்டுக் குலுக்கப் போகிறேன், யாருக்கு எந்த இடம் வருமென்று தெரியாது, ஒப்பந்தத்தில் எதையாவது மாற்ற விரும்புகிறீர்களா?

உள்ளாட்சிப் பாடத்துக்குப் பாத்திரமேற்றல்தான் பொருத்தம். அதே கண்மாயை வைத்தே கிராம சபை நடத்தலாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடி வந்தது. பிறகு மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்தன. மார்ச் 22 கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள்: கண்மாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை மடை திறந்து கடைசித் தண்ணியாக நெல்லுக்கு விடுவதா, மீனுக்கும் ஆடுமாடுக்கும் நிறுத்தி வைப்பதா.

இதன் உயிர் பாத்திர அட்டையில் இருக்கிறது. "நீ பேராசைக்கார வியாபாரி" என்று எழுதினால் பிள்ளை மீசையை முறுக்கிச் சினிமா வில்லனாகப் பேசும். குணத்தை எழுதாதீர்கள். என்ன வேண்டும், என்ன தெரியும், எதுவரை இறங்கலாம் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். ஓர் அட்டை இப்படி இருக்கலாம்:

"நீங்கள் மீன்பாசிக் குத்தகைதாரர். ஏலத்தில் 80,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். மீன் பிடிக்கும் அளவுக்கு வளர இன்னும் 6 வாரம் வேண்டும், அதுவரை கண்மாயில் 3 அடித் தண்ணீராவது நிற்க வேண்டும். கட்டிய பணத்தில் பாதியை ஊராட்சி திருப்பித் தந்தால் விலகிக்கொள்ளத் தயார். ஆனால் இதை நீங்களாக முதலில் சொல்லாதீர்கள்."

இதேபோல் கடைமடை நெல் விவசாயி, ஆடு வளர்ப்பவர், ஊருணியில் குடிநீர் எடுக்கும் பெண்கள் குழுத் தலைவி, கண்மாய் வண்டலான கரம்பை மண்ணை எடுக்க அனுமதி கேட்பவர், ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர் என்று ஏழெட்டு அட்டை போதும். ஒவ்வொரு அட்டையிலும் மற்றவருக்குத் தெரியாத ஒரு தகவலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச ஒன்றுமிருக்காது, சத்தம்தான் இருக்கும். ஒரே அட்டையை மூவருக்குக் கொடுத்து 10 நிமிடம் கூடிப் பேச விடுங்கள். அந்த மூவரில் ஒருவர் சபையில் பேசுவார், மற்ற இருவர் சீட்டில் குறிப்பு எழுதி அவருக்குத் தள்ளுவார்கள். பத்து நிமிடத்தில் பேசுகிறவர் மாற வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் இதில் இடமுண்டு, வாயாடிகள் சபையைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. பெண் பாத்திரம் பெண் பிள்ளைக்கே என்று வைக்காதீர்கள். ஊராட்சித் தலைவர் அட்டை ஒரு மாணவிக்குப் போகட்டும், ஆடு வளர்க்கும் பெண்ணின் அட்டை ஒரு மாணவனுக்குப் போகட்டும்.

20 நிமிடத்துக்குள் தீர்மானம் எழுத்தில் வர வேண்டும்: எந்தத் தேதிவரை, எத்தனை அடி, யாருக்கு என்ன ஈடு. இந்தக் கட்டாயம் இல்லாத கிராம சபை பேச்சுப் போட்டியாக மாறிவிடும். முடிந்ததும் எல்லோரும் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, தம் சொந்தப் பெயரைச் சொல்லி, தம் சொந்தக் கருத்து என்ன என்று ஒரு வரி சொல்ல வேண்டும். பாத்திரத்திலிருந்து இறங்கும் இந்தப் படி சிறியதாகத் தெரியும், ஆனால் விடக் கூடாதது. சபையில் கடுமையாகப் பேசிய பிள்ளை, அந்தப் பேச்சு தன்னுடையதல்ல என்று எல்லோர் முன்னும் கழற்றி வைக்க வேண்டும்.

எதை நடிக்க வைக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்து, ஒரு நாள் ஒரு நிறம் உயர்ந்தது, மறுமுறை மற்ற நிறம் உயர்ந்தது என்று நடத்தினார். சில மணி நேரத்திலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் இழிவாக நடத்தத் தொடங்கினார்கள். உலகம் முழுதும் பேசப்பட்ட பாடம் அது, இன்றுவரை சர்ச்சைக்குரியதும்கூட. அதைப் பார்த்து நம் வகுப்பில் சாதியை வைத்து அப்படி ஒன்றைச் செய்யத் துணிய வேண்டாம். அங்கே கண்ணின் நிறத்தால் வந்த உயர்வு தாழ்வை மறுமுறை மாற்றி வைக்க முடிந்தது. இங்கே பிள்ளை விளையாட்டு முடிந்து அதே தெருவுக்குத்தான் போகும். ஒடுக்கப்பட்டவராக நடிக்கச் சொல்வது, அதை அன்றாடம் அனுபவிக்கும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்துவதாகிவிடும். கடன் தொல்லை, குடும்ப வன்முறை, தற்கொலை ஆகியவையும் அப்படியே. அநியாயம் எப்படி உருவாகிறது என்று காட்ட தலைமடை கடைமடை வரிசையே போதுமானது, அதில் யாருடைய பிறப்பும் இழுபடுவதில்லை. எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் விலகிப் பார்வையாளர் ஆகலாம் என்பதையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

மேல்நிலை வகுப்பில் வணிகவியல் எடுப்பவர்களுக்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களில் உருவான, சரக்கு விநியோகச் சங்கிலி பற்றிய ஒரு விளையாட்டு உண்டு. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நால்வர் வரிசையில் இருப்பார்கள். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் வாரக்கணக்கில் தாமதம் ஆகும். மூலத்தில் பீர், பள்ளிக்குப் பால் பாக்கெட் என்று மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் தேவை முதல் நான்கு வாரம் 4 பெட்டி, ஐந்தாம் வாரத்திலிருந்து 8, அதன் பிறகு மாறவே மாறாது. ஆனால் ஆலைக்குப் போகும் ஆர்டர் மலைபோல் ஏறிப் பள்ளத்தில் விழும். இதன் அலசலில் ஓர் அருமையான படி இருக்கிறது. கடைக்காரர் தவிர மற்றவர்களை, வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும் என்று கோடு வரையச் சொல்ல வேண்டும். எல்லோரும் பெரிய அலையாக வரைவார்கள். பிறகு உண்மையான கோட்டை, ஒரே ஒரு படிக்கட்டை, பலகையில் வரைந்து காட்டுங்கள். அலை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அதன்பின் நீங்கள் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் அந்த ஆசிரியர் கேட்டிருந்தார். அதிகக் கொட்டை சேர்த்தவருக்கு மதிப்பெண் தந்தால், ஒரே வாரத்தில் எல்லோரும் தலைமடைக்காரர் ஆகிவிடுவார்கள். நன்றாக நடித்தவருக்குத் தந்தால் அது நாடகப் போட்டி. அலசலுக்கு மறுநாள், தாளைப் பார்க்காமல் தனித்தனியே எழுதும் ஒரு கேள்விக்குத் தாருங்கள். மாதிரிக்கு ஒன்று: "ஒரு கண்மாயில் ஐவரும் 6 கொடுக்கிறார்கள், ஒருவர் மட்டும் 5 ஆக்கினார். தண்ணீர் எவ்வளவு குறையும்? குறைத்தவருக்கு அந்த ஆண்டு என்ன ஆகலாம்? அவர் தலைமடையா கடைமடையா என்பதால் பதில் மாறுமா? மாறினால் ஏன்?" முதல் பகுதிக்கு 30 என்று எழுதினால் 1 மதிப்பெண். இரண்டாம் பகுதிக்கு, அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கணக்கோடு எழுதினால் 2. கடைசிப் பகுதிக்கு 2. அங்கே தலைமடைக்காரர் 40-இலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார், இழப்பு முழுதும் கீழே இறங்கும் என்ற கருத்து எந்தச் சொற்களில் வந்தாலும் முழு மதிப்பெண் தரலாம். "ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிய தாள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவை வகுப்பில் பாதிக்கு மேல் இருந்தால், அடுத்த முறை ஆட்டத்தில் இரண்டு ஆண்டைக் குறைத்து, அந்த எட்டு நிமிடத்தைக் கோட்டுப் படத்துக்குக் கொடுங்கள்.